பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று

என் அத்தானுக்குத் தொழிற்சாலையில் பெயர் பூதக்கண்ணாடி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. துப்பாக்கிக் குழல்கள் எல்லா வேலையும் முடிந்து கடைசியாக அவருடைய மேஜைக்கு வரும். ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு கண்ணை மூடி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்ப்பார். ஒரு மூச்சு விடும் நேரம்தான். சரியாக இருந்தால் குழலின் அடிப்பக்கத்தில் முத்திரையை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. சரியில்லை என்றால் பக்கத்தில் இருக்கும் தகரப் பெட்டிக்குள் ஓர் எறி. அந்தப் பெட்டி ஓசைப்பட்டால் இயந்திரத்தில் நிற்பவர்கள் அத்தனை பேரும் யார் வெட்டிய குழல் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் அதே தொழிற்சாலையில் வெட்டுளி தீட்டுகிறவன். அவர் என் அக்காவைக் கட்டியவர். அவர் மீது எனக்குக் கோபம் இருக்கிறது, அதை மூடி மறைத்து நல்ல பிள்ளை மாதிரி எழுத எனக்கு வராது. ஆனால் அந்த மனிதரைப் பற்றி வேறு எவனும் நாலு வரி எழுதப் போவதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

துப்பாக்கிக் குழலின் உள்புறம் வழவழவென்று இருக்கும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அப்படி இருந்தால் குண்டு வாயைவிட்டு வெளியே வந்ததும் தன் இஷ்டத்துக்குப் புரண்டுகொண்டு போகும். அதனால் உள்சுவரில் பள்ளங்கள் வெட்டுகிறோம், நேராக அல்ல, சுற்றிச் சுற்றிப் போகும்படி. உளி ஒரு தடவை உள்ளே போய் வந்தால் முடியளவுகூட வெட்டாது. திரும்பத் திரும்ப இழுக்க வேண்டும். உளி மழுங்கினால் பள்ளத்தின் ஓரம் பிசிறடிக்கும், பிசிறு குண்டைக் கீறும், கீறல் பட்ட குண்டு ஒழுங்காகப் போகாது. அதற்குத்தான் எனக்குச் சம்பளம். பள்ளங்களுக்கு நடுவே விட்டுவைக்கும் மேடுகள் குண்டின் உடம்பைக் கவ்வித் திருகிவிடும். திருகிக்கொண்டே வெளியேறும் குண்டு, சுற்றும் பம்பரம் சாயாமல் நிற்கிற மாதிரி, முனை முன்னே இருக்க நேராகப் போகும்.

பள்ளம் நான்கா ஆறா, மேடு அகலமா குறுகலா என்று படம் போடுகிற அறையில் பெரிய பெரிய வாக்குவாதமெல்லாம் நடக்கும். எங்கள் அளவில் எல்லாவற்றுக்கும் மேலே சுற்றுதான். எத்தனை அங்குலத்துக்குள் பள்ளம் ஒரு முழு வட்டம் அடிக்கிறது என்பதுதான் கணக்கு. குட்டையான குண்டுக்கு மெதுவான சுற்று போதும். குண்டு நீளமாக ஆக வேகமாகச் சுழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது நடுவழியில் தள்ளாடிக் குப்புறக் கவிழ்ந்து, பக்கவாட்டில் பறந்து, எங்கே போகும் என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது. எங்கள் தொழிற்சாலை வெகுகாலம் பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று வெட்டியது. பிறகு மேலிடம் நீளமான, கனமான புதுக் குண்டுக்கு மாறியது. நாங்களும் எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மாற்றிக்கொண்டோம். ஒரே ஓர் இயந்திரத்தை மட்டும், தொலைதூரக் காவல் இடங்களில் இன்னும் இருந்த பழைய துப்பாக்கிகளுக்கு உதிரிக் குழல் செய்ய, பழைய கணக்கிலேயே ஓடவிட்டார்கள்.

வெளியே பார்த்தால் இரண்டு குழலும் ஒன்றுதான். அதே நீளம், அதே கனம், அதே கறுப்பு. இயந்திரத்திலிருந்து வரும்போது பழைய கணக்குக் குழலின் அடியில் நீலச் சாயம் தடவுவார்கள். கறுப்பேற்றும் தொட்டியில் முக்கினால் சாயம் போய்விடும். அதன்பிறகு இன்னது இதுதான் என்று சொல்ல இரண்டே வழி. ஒன்று, முனையில் ஈயக்கட்டி வைத்த கம்பியைக் குழலுக்குள் தள்ளுவது. ஈயம் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு திரும்ப, கம்பியின் பின்னால் இருக்கும் முள் எவ்வளவு சுற்றுகிறது என்று காட்டும். நம்பகமான வழி, ஆனால் நேரம் பிடிக்கும். இன்னொன்று, என் அத்தானின் கண்.

அவர் கண்ணாலேயே சொல்லிவிடுவார். மேடுகள் வளைந்து போகிற சாய்வைப் பார்த்து, “எட்டு,” என்பார், “பன்னிரண்டு,” என்பார். புதிதாக வந்த பொறியாளர்கள் கம்பி விட்டுச் சரிபார்த்து ஓய்ந்து போனார்கள். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அதிலிருந்து அவருக்குத் தலைக்கனம் ஏறியது. இரும்புத்தூள் கூட்டுகிறவராக உள்ளே நுழைந்து அந்த மேஜைக்கு வந்தவர், ஏறட்டும் என்றுதான் நாங்களும் விட்டோம். கம்பிக்கு அவர் வைத்த பெயர் குருட்டுக் கோல். அதை எடுக்கச் சொன்னால், கண் இருக்கிறவனுக்கு அது எதற்கு என்று கேட்பார். நாங்களும் சிரிப்போம். வேலை சீக்கிரம் முடிந்தால் யாருக்குக் கசக்கிறது?

அவருக்கு ஒரே மகன். தொழிற்சாலைக் குடியிருப்பின் இரண்டு அறை வீட்டில், அடுக்களைக்கும் கட்டிலுக்கும் நடுவில் வளர்ந்தவன். சத்தமில்லாத பிள்ளை. ஆனால் கை அப்படி ஒரு கை. சிறுவயதில் தீக்குச்சிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி அவன் கட்டுகிற கோபுரத்தைப் பார்க்கும்போது எங்களுக்குத்தான் மூச்சு முட்டும், அவனுக்கு ஒன்றும் ஆகாது. சிறைக் காவலர் வேலைக்குப் போனான். குறிபார்த்துச் சுடுவதில் அவனுக்கு மிஞ்சி ஆள் இல்லை என்று கண்காணிப்புக் கோபுரத்தில் நிறுத்திவிட்டார்கள். அங்கே அவனுக்கு வேலை சொல்லிக்கொடுத்த மூத்த காவலர் ஒருவரை எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுவார்கள். கதவில் தலை இடிக்காமல் அவர் எங்கும் நுழைந்ததில்லை. அக்கா மகன் ஓய்வு நாளில் வீட்டுக்கு வந்தால் நெட்டையும் மனைவியோடும் சின்னப் பெண்ணோடும் கூட வருவார். அவர்கள் சாப்பிட உட்கார்ந்தால் அக்காவின் பாத்திரம் காலியாகிவிடும், அக்காவுக்கு அதில் பரம சந்தோஷம்.

அந்த வருடம் கோபுரத்தில் இருந்த எட்டு அங்குலக் கணக்குத் துப்பாக்கிக்குக் குழல் தேய்ந்துபோய், எங்கள் தொழிற்சாலையிலிருந்து போன உதிரிக் குழலை மாட்டினார்கள். அடியில் அப்பாவின் முத்திரையைப் பார்த்துவிட்டு வந்து சொன்னான் அக்கா மகன். அத்தான் அன்றைக்கு என்னிடமே இதை இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

இப்போது எனக்குத் தெரிந்த ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சமயத்தில் அத்தானுக்கு வலது கண்ணில் புரை விழுந்திருந்தது. இடது கண்ணும் மங்க ஆரம்பித்திருந்தது. அக்காவுக்குத் தெரியும். ஊசியில் நூல் கோக்க முடியாதவராகிவிட்டார், நாளிதழைத் தூரப் பிடித்துப் பாதி படித்துவிட்டு மடித்துவைத்தார். வைத்தியரிடம் போகலாம் என்று அக்கா சொன்னபோதெல்லாம் எரிந்து விழுந்தார். தொழிற்சாலை மருத்துவரின் காதுக்குப் போனால் மேஜையிலிருந்து எடுத்துப் பெட்டி கட்டும் கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்கள். பூதக்கண்ணாடி அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டுகிறதாம், அதை அவரால் தாங்க முடியாது. அதனால் பழையபடியே குழலை எடுத்து, ஜன்னலுக்குப் பிடித்து, ஒரு மூச்சு விடும் நேரம் பார்த்து, முத்திரை குத்திக்கொண்டிருந்தார். உள்ளே அவருக்குத் தெரிந்தது வெறும் பனிமூட்டம்.

அந்தக் குழல் போவதற்குச் சற்று முன்பு ஒருநாள், தரை கழுவுவதற்காகக் குழல்கள் அடுக்கிய தாங்கிகளை இடம் மாற்றியபோது, பழைய கணக்குக் குழல்கள் சில புதிய கணக்குத் தாங்கியில் கலந்துவிட்டன. இதெல்லாம் முன்பும் நடந்ததுதான். கடைசியில் அத்தான் மேஜையில் மாட்டிக்கொள்ளும் என்று ஒருத்தரும் கவலைப்பட்டதில்லை. இந்தத் தடவை மாட்டவில்லை. முழுத் துப்பாக்கியாகப் போயிருந்தால் சுட்டுப் பார்க்கும் இடத்தில் தெரிந்திருக்கும். உதிரிக் குழல்களைச் சுட்டுப் பார்ப்பதில்லை, எண்ணெய் தடவி, தாள் சுற்றி, பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவோம்.

சிறையின் தச்சுப் பட்டறை முற்றத்தில் அது நடந்தது. ஒரு கைதி கூர்தீட்டிய கம்பியோடு சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு யாரையும் கிட்டே விடவில்லை. நெட்டைதான் இரண்டு எட்டு தள்ளி நின்று அவனோடு பேசிக்கொண்டிருந்தார். அவருக்குக் கைதிகளிடம் பேசத் தெரியும். கைதி கம்பியை ஓங்கினான். காலில் சுடு என்று கீழேயிருந்து அதிகாரி கத்தினார். கோபுரத்துக்கும் அந்தச் சுவருக்கும் கூப்பிடு தூரம்தான். அக்கா மகன் முழங்காலுக்குக் குறிவைத்துச் சுட்டான். விழுந்தது நெட்டை. கைதி திகைத்துப்போய்க் கம்பியைத் தானே கீழே போட்டுவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் தண்ணீர் என்று கேட்டானாம். தண்ணீர் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

அடக்கத்துக்கு அக்கா மகன் போனான். நெட்டையின் மனைவி அத்தனை பேர் முன்னால் அவன் முகத்தில் துப்பினாள். அவன் துடைத்துக்கொள்ளாமல் நின்றான். அக்காதான் முந்தானையால் துடைத்துக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

விசாரணை வைத்தார்கள். முதல் காரியமாகத் துப்பாக்கியை மைதானத்துக்குக் கொண்டுபோய் வேறொரு காவலரைவிட்டுச் சுடச் சொன்னார்கள். ஐந்து குண்டு சுட்டார். ஐந்தும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கின. துப்பாக்கியில் பழுதில்லை என்று எழுதிவிட்டார்கள். அப்படியானால் மிச்சம் இருப்பது கை. பயந்து நடுங்கிவிட்டான் என்றார்கள் சிலர். நெட்டையோடு ஏதோ மனஸ்தாபம், வேண்டுமென்றே செய்திருக்கிறான் என்று சிலர் நாக்கூசாமல் பேசினார்கள். கை நடுங்கியதாக எழுதிக் கொடுத்தால் கவனக்குறைவு என்று போகும், மறுத்தால் கொலை என்று போகும் என்று அதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார்.

அன்று மாலை நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். அக்கா மகன் சட்டையில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான், மூன்று நாளாகச் சாப்பிடாத முகம். அத்தான் நாற்காலியில். அவன் அப்பாவிடம் கேட்டான்.

“அப்பா, குழல்ல ஏதாவது இருக்குமா?”

“நான் பார்த்து அனுப்பின குழல்.”

“எனக்குத் தெரியும்ப்பா. ஆனா என் கை நடுங்கல. நான் நல்லாப் பிடிச்சிருந்தேன்.”

“அந்த நேரத்துல உனக்கு எப்படித் தெரியும்? அஞ்சும் ஒரே இடத்துல பட்டிருக்கு. இரும்பு மாத்தி மாத்திப் பேசாது.”

“அப்ப என் கைதானாப்பா?”

“கைதான்,” என்றார் அத்தான்.

நான் அவரைக் குறை சொல்ல அந்த இடத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஐந்து குண்டும் ஒரே இடத்தில் பட்டது என்று கேட்டபோது அவர் நிஜமாகவே நம்பினார். உள்ளுக்குள் கண்ணைப் பற்றிய பயம் அரித்துக்கொண்டிருந்திருக்கும், அந்தச் செய்தி வந்ததும் அப்பாடா என்று இருந்திருக்கும். மகன் பக்கம் பேச வேண்டிய நேரத்தில் தன் முத்திரையின் பக்கம் பேசிவிட்டார். அவனோ சின்ன வயதிலிருந்து அப்பாவின் கண்ணை நம்பி வளர்ந்தவன். தன் கை சொன்னதைத் தள்ளிவிட்டு அப்பா சொன்னதை எடுத்துக்கொண்டான். மறுநாள் போய், என் கை நடுங்கிவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். வேலை போயிற்று. இரண்டு வருடம் தண்டனை விழுந்தது. வேறு ஊர்ச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

சிறைக்குள் ஒரு சிறைக் காவலன் கைதியாகப் போனால் என்ன நடக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. முதல் தடவை பார்க்கப் போனபோது அவனுடைய உதடு கிழிந்திருந்தது. அக்கா என்னவென்று கேட்டதற்கு வழுக்கி விழுந்தேன் என்றான். அடுத்த தடவையும் வழுக்கித்தான் விழுந்திருந்தான்.

மழை தொடங்கும் சமயத்தில் பழைய சிறையிலிருந்து ஒரு காவலர் அவனுடைய பெட்டியையும் காலணியையும் கொடுத்துவிட்டுப் போக வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். தேநீர் குடித்துக்கொண்டே, அக்காவுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து எதையெதையோ பேசினார். நெட்டையின் சட்டையை அவர்தான் கழற்றியதாம். ஓட்டை வட்டமாக இல்லையாம். சாவித் துவாரம் மாதிரி நீளமாக இருந்ததாம். தரையில் பட்டுத் தெறித்திருக்கும் என்று அதிகாரி சொன்னாராம். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். மைதானத்தில் சுட்டுப் பழகுவதற்கு இன்னும் பழைய குட்டைக் குண்டுகளைத்தான் கொடுக்கிறார்களாம், மிச்சம் இருப்பது தீரட்டும் என்று. புது நீளக் குண்டு கோபுரத்தில் நிற்பவர்களுக்கு மட்டும்தானாம். அப்படியானால் அந்த ஐந்து குண்டு எது என்று அத்தான் கேட்டார். மைதானத்தில் சுட்டால் மைதானத்துக் குண்டுதானே என்றார் காவலர்.

அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா அதைப் பார்த்திருக்கிறாள், மகனின் காலணியைக் கண்டதால் என்று நினைத்துக்கொண்டாள். அவருக்கு அந்த நிமிடமே எல்லாம் விளங்கிவிட்டது. பன்னிரண்டு அங்குலக் குழலில் குட்டைக் குண்டைப் போட்டால் ஐந்தும் உள்ளங்கைக்குள் விழும், அது அந்தக் குண்டுக்கென்றே வெட்டிய பள்ளம். அதே குழலில் நீளக் குண்டைப் போட்டால் அது கவிழ்ந்து பக்கவாட்டில் போய், பட்ட இடத்தில் நீளமாகக் கிழிக்கும். மகனின் கை நடுங்கவில்லை. அவன் முழங்காலுக்குத்தான் சுட்டிருக்கிறான். குண்டை நெட்டையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது தன் மேஜையைத் தாண்டிப் போன குழல்.

மறுநாளிலிருந்து அத்தான் குருட்டுக் கோலைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு குழலுக்கும் கம்பியை விட்டு, முள்ளுக்குப் பக்கத்தில் முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தார். வேலை தேங்கியது. பூதக்கண்ணாடிக்குக் கீறல் விழுந்துவிட்டது என்று இயந்திரத்தில் நிற்பவர்கள் கேலி செய்தார்கள். மகன் போன துக்கம், மனிதருக்குத் தன் மேலேயே நம்பிக்கை போய்விட்டது என்று நான் நினைத்தேன். கிடங்கில் கிடந்த உதிரிப் பெட்டிகளையும் தானாகவே வரவழைத்துப் பார்த்தார். அவருடைய முத்திரை குத்திய பன்னிரண்டு அங்குலக் குழல்கள் அதிலே இருந்தன. எடுத்துத் தகரப் பெட்டியில் போட்டார், எறியவில்லை, மெதுவாகக் கீழே வைத்தார்.

வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அந்த மழைக்காலம் முழுக்க மூடிக்கொண்டிருந்தார். இங்கேதான் எனக்கு அவர் மேல் ஆறாத கோபம். சொன்னால் வேலை போகும், ஓய்வூதியம் போகும், குடியிருப்பு வீட்டைக் காலி செய்ய வேண்டும், எல்லாம் சரிதான். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது, அதுவரை தள்ளிவிட்டுச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டதாகப் பின்னால் என்னிடம் ஒப்புக்கொண்டார். ஆனால் அதுகூட முழுக் காரணம் இல்லை. பூதக்கண்ணாடிக்குக் கண் தெரியவில்லை என்று ஊர் சொல்வதைக் கேட்க அவருக்குத் திராணி இல்லை. அங்கே பிள்ளை வழுக்கி விழுந்துகொண்டே இருந்தான். இவர் மாதம் ஒருமுறை போய், கம்பி வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்.

கடைசியில் என்னால்தான் வெளியே வந்தது, அதுவும் தற்செயலாக. ஒரு விடுமுறை நாள் மதியம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா அடுக்களையில் இருந்தாள். அத்தானிடம் வேடிக்கையாக, என்ன அத்தான், கோலும் கையுமாக ஆகிவிட்டீர்களே என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“மாப்ளே, எனக்குக் கண்ணு தெரியல. ரொம்ப நாளாவே தெரியல.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நீள ஓட்டை, குட்டைக் குண்டு, கிடங்கில் கிடைத்த குழல்கள், ஒன்று விடாமல். சொல்லி முடித்தபோது அக்கா அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கையில் கரண்டி அப்படியே இருந்தது. அவள் கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மிகச் சாதாரணமாகக் கேட்டாள்.

“உங்களுக்கு இது எப்பலேருந்து தெரியும்?”

“பெட்டி கொண்டாந்து கொடுத்தாரே, அன்னைலேருந்து.”

“அதுக்கப்புறம் அவனை மூணு தடவை பார்த்துட்டு வந்திருக்கோம். ஒவ்வொரு தடவையும் என் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தீங்க.” கரண்டியை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். “நாளைக்குக் காலைல நீங்க போறீங்களா, இல்ல நான் போகட்டுமா?”

அவர் போனார். நானும் கூடப் போனேன். முதலில் எங்கள் தொழிற்சாலை மேலாளரிடம். அவருக்கு விஷயம் புரிந்ததும் வியர்த்துவிட்டது. காதும் காதும் வைத்த மாதிரி முடித்துக்கொள்ளலாம், குழல்களைத் திரும்ப வாங்கிவிடுகிறேன், உனக்கும் ஓய்வூதியம் கெடாது என்றார். அத்தான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டு நேராக மகன் வேலை பார்த்த சிறைக்குப் போய் அங்கே இருந்த தலைமை அதிகாரியிடம் தன் வாயால் சொன்னார். மகனைக் காப்பாற்றக் கதை கட்டுகிறார் என்றுதான் அவர்கள் முதலில் பார்த்தார்கள். கோபுரத்துத் துப்பாக்கியைக் கொண்டுவந்து, கோபுரத்துக் குண்டையே போட்டுச் சுடுங்கள் என்று கெஞ்சினார். சுட்டார்கள். பலகையில் ஒரு குண்டுகூடக் குறியில் இல்லை. ஒன்று ஓரத்தில் பட்டது, நீளமாகக் கிழித்திருந்தது. இரண்டு குண்டுகள் பலகையிலேயே இல்லை. குழலைக் கழற்றி, அடியில் இருந்த முத்திரை யாருடையது என்று அதிகாரி கேட்டார். என்னுடையது என்றார் அத்தான்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் அவருக்கு எதிராகத்தான், அது நியாயமும்கூட. வேலை போயிற்று, ஓய்வூதியம் போயிற்று, வழக்கு இன்னும் நடக்கிறது. குடியிருப்பைக் காலி செய்துகொண்டு என் வீட்டின் பின்னறைக்கு வந்தார்கள். வருவதற்கு முன் அவர் தனியாக நெட்டையின் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றபடியே சொன்னாராம். அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாளாம்.

“அப்ப அந்தத் தம்பி மேல தப்பே இல்லையா? நான் அவன் மூஞ்சில துப்பினேனே.”

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். திரும்பி வந்து அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான், துப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை மாப்ளே என்று.

வழக்கைத் திரும்ப எடுத்து அக்கா மகனை விடுவிக்க அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது. சிறை வாசலில் நாங்கள் நின்றோம். துணிப்பையோடு வெளியே வந்தான், பாதியாக இளைத்திருந்தான். அக்கா அவன் கையைப் பிடித்தவள் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் கவனித்தேன். அவனுடைய வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. குளிரில் நடுங்குவது போல அல்ல, நிற்காமல், அதுபாட்டுக்கு. உள்ளே போன சில மாதங்களிலேயே தொடங்கியதாம். எப்போது தொடங்கியது என்று நாள் கணக்காகக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அத்தான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த மழைக்காலத்துக்கு முன்பா பின்பா என்று தெரிந்துகொண்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது?

வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். முதல் நாள் ஆயுத அறையில் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவனால் போட முடியவில்லை. அதிகாரி கண்ணியமானவர், வீட்டில் இருந்து உடம்பைப் பார்த்துக்கொள், குணமானதும் வா என்று அனுப்பிவிட்டார். நரம்பில் கோளாறு ஒன்றுமில்லை, மனம் தேறினால் சரியாகும், ஆகாமலும் போகலாம் என்று வைத்தியர் சொன்னார்.

அத்தானுக்கும் ஒருவழியாகக் கண்ணில் அறுவை நடந்தது. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கட்டுப் பிரித்த அன்று வீட்டுக்கு வந்து, எதிரே உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தார். நெடுநாளுக்குப் பிறகு அவருக்கு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. மகன் தண்ணீர் குடிக்கக் குவளையை எடுத்தான். குவளை பல்லில் பட்டுக் கடகடவென்று அடித்தது, சட்டையெல்லாம் தண்ணீர். அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இத்தனை நாளில் அவர் மகனிடம் மன்னிப்புக் கேட்டதில்லை, அன்று கேட்கப் போகிறார் என்று தோன்றியது.

அவன் முந்திக்கொண்டான். குரலில் கோபம் இல்லை.

“விடுங்கப்பா. அன்னைக்கு எழுதிக் கொடுத்தது பொய்யி. இன்னைக்கு எழுதினா அது நிஜம்.”

அக்கா வந்து குவளையை வாங்கி, பாதி ஊற்றி, தானே அவன் வாயில் வைத்துப் பிடித்தாள். அவன் குடித்தான். அத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.